செகண்டரி மாஸ்டர்

சிரிப்பு வரத்தான் போகிறது, கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். பரமகுரு செய்த வேலைகளிலேயே இதுதான் பெரிய வேலை. ரேஷன் கடைக்காரர் குரலில் தெருவுக்கே கேட்கும்படி மண்ணெண்ணெய் வந்துவிட்டதென்று கத்தி இருபது பேரைக் கேனோடு ஓடவிட்டது, ஹெட்மாஸ்டர் குரலில் பி.டி. வாத்தியாரை மொட்டைமாடிக்கு வரச்சொல்லி ஒரு பீரியட் முழுக்க வெயிலில் நிற்கவைத்தது, இதெல்லாம் இதன் பக்கத்தில் நிற்கக்கூட லாயக்கில்லாதவை. ஆனால் சிரிப்பு இப்போது இல்லை. இப்போது ரோஸ்லின் அக்கா கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டு, ஒற்றை விரலால் டெலீட் கீயைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள், டொக்டொக்டொக்கென்று, மரங்கொத்தி மாதிரி. அந்தச் சத்தத்தையும் அவன் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்துச் செய்துவிடுவான், வேண்டாம், இன்றைக்கு வாயைத் திறக்கக் கூடாது. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், தீப்பெட்டி ஆபீஸில் சூப்பர்வைசர் முன்னால் உட்காருவது போல, கையைக் கோத்து உட்கார்ந்திருக்கிறாள். தலைக்குக் குளித்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஒரு சிடியைக் கேட்பதற்கு, தலைக்குக் குளித்திருக்கிறாள்.

திரை நீலமாகிவிட்டது. வெள்ளை எழுத்து, மஞ்சள் எழுத்து, மவுஸ் வேலை செய்யாத இடம். பயாஸ் என்று இதற்குப் பெயர், விண்டோஸ் கண் முழிப்பதற்கு முன்னாலேயே கம்ப்யூட்டர் தனக்குத்தானே இன்னது இங்கே இருக்கிறது, இன்னது இப்படி ஓடும் என்று சொல்லிக்கொள்கிற இடம், இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே ரோஸ்லின் அக்காதான். போன வருஷம், அப்பாவை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சமயம், கரண்ட் தாறுமாறாக வந்து ஹார்ட் டிஸ்க் புகைந்துபோனபோது புது டிஸ்க் மாட்ட வந்தவள், சும்மா நிற்கிறானே பையன் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். இது பிரைமரி, இதில் ஹார்ட் டிஸ்க். இது செகண்டரி மாஸ்டர், இதில் உன் சிடி டிரைவ். இந்த யுடிஎம்ஏ ஆட்டோவில் இருந்தால் சிடியில் இருப்பது நேராக மெமரிக்குப் போய்விடும். டிசேபிள் பண்ணி, மேலே இருக்கிற பிஐஓவை ஜீரோவில் போட்டாயென்றால், ஒவ்வொரு பிடியையும் பிராசஸரே எழுந்து போய் அள்ளிக்கொண்டு வரவேண்டும், பாவம், அது மற்ற வேலையையும் பார்க்கணும்ல, பாட்டு திக்கித் திக்கித்தான் வரும். அன்றைக்கு அவள் பேசிய மாதிரியே, அந்தப் 'பாவம்' என்ற சொல்லில் குரல் கொஞ்சம் வழுக்கி இறங்குவது உட்பட, சாயங்காலம் மதுரைக்குப் போய் அப்பாவின் கட்டிலருகே நின்று செய்துகாட்டினான். அப்பா சிரித்தார். சிரித்தால் தொண்டையில் வலிக்கும், அதனால் வயிற்றால் மட்டும் சிரித்தார், போர்வை ஏறி ஏறி இறங்கியது.

திரையில் சிவப்புப் பட்டை கீழே இறங்குகிறது. இன்டெக்ரேட்டட் பெரிஃபெரல்ஸ் என்ற வரிசையில் நிற்கிறது. அவள் இன்னும் உள்ளே போகவில்லை, ஏதோ யோசிக்கிறாள், போன் வந்தால் நன்றாக இருக்கும். போன். பின்கட்டில் லேண்ட்லைன் இருக்கிறது, அவள் செல் நம்பர் அவனுக்குத் தெரியும், கடை முதலாளி தங்கமாரியப்பன் அண்ணாச்சியின் குரல் தெரியும், மூக்கால் தொடங்கி நெஞ்சில் போய் முடிகிற குரல். ரோஸ்லினு, கோர்ட்டு ரோட்டுல ஒரு கஸ்டமரு, சிஸ்டம் ஆன் ஆகலையாம், சட்டுனு வா. அரை நிமிஷம் போதும். போன மாசமும் இப்படித்தான், அம்மாவே தீப்பெட்டி ஆபீஸ் போனிலிருந்து சர்வீஸ் சென்டரைக் கூப்பிடப் போகிறேன் என்று சொன்னபோது, அவனே முந்திக்கொண்டு அந்த ஆபீஸுக்கு அடித்து, உங்க பையன் விசாரிச்சான் என்று சர்வீஸ் சென்டர் ஆளாகப் பேசினான். மேடம், அது பழைய டிஸ்க்கு மேடம், வேற மெஷின்ல போட்டா கீறல் விழுந்துரும், இருக்கிறதுலயே கேட்டுக்கோங்க. அம்மா வீட்டுக்கு வந்து அதை அப்படியே அவனிடம் சொன்னாள், அந்தத் தம்பி ரொம்ப மரியாதையாப் பேசுச்சு என்று. அதில் சிரிக்க எவ்வளவோ இருந்தது. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் கால் பின்கட்டுக்குப் போகமாட்டேன் என்கிறது. போனால் அம்மா திரும்பிப் பார்ப்பாள். எங்கலே போற, அப்பா பேசப்போறாரு, இருந்து கேளு என்பாள்.

அப்பா பேசப்போகிறார். உலகநாதன் என்று பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, குரலைச் சொன்னால் ஊருக்கே தெரியும். ஆட்டோவில் இரண்டு பக்கமும் குழாய் கட்டி ஜவுளிக்கடைத் தள்ளுபடியும், கண் சிகிச்சை முகாமும், யாராவது காலமானால் அந்தச் சேதியும் ஊருக்குள் போகுமே, அந்தக் குரல். இந்த முன்னறையில்தான் ரெக்கார்டிங். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, ஜன்னலுக்குக் கம்பளி அடித்து, உள்ளே உட்கார்ந்து அவர் "அன்பார்ந்த பொதுமக்களே" என்று எடுத்தால் அட்டைகள் அதிரும், அட்டையையும் மீறிப் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை எழுந்து அழும், அந்த வீட்டம்மா சுவரில் தட்டுவாள். இவ்வளவு இருந்தும் அந்தக் குரலில் ஒரு வார்த்தை மிச்சமில்லை. ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது புகைந்துபோனது. ஆட்டோக்காரர்களிடம் போய்க் கேட்டான். பழைய விளம்பரத்தை யாருடா தம்பி வைப்பா, முடிஞ்சா தூக்கிப் போட்டுருவோம் என்றார்கள். ஜவுளிக்கடையில் கேட்டான், பாத்திரக்கடையில் கேட்டான், கண் ஆஸ்பத்திரியில்கூடக் கேட்டான், வாட்ச்மேன் இவன் ஏதோ விளையாட வந்திருக்கிறான் என்று விரட்டினார், அவன் பேர் அப்படி. ஊர் முழுக்கத் தினம் கேட்ட குரலை ஒருத்தர்கூட எடுத்து வைக்கவில்லை. எதற்கு எடுத்து வைப்பார்கள், நாளைக்கும் அது தெருவில் வரும் என்றுதானே இருந்தார்கள்.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அஞ்சு வருஷத்துக்கு முன்னால் அம்மா எட்டு மாசம் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தபோது, அப்பா இந்த அறையில் உட்கார்ந்து அம்மாவுக்கென்று பேசி, சிடியில் ஏற்றி, தபாலில் அனுப்பினார். கடிதம் எழுத அவருக்கு வராது. அப்போது குருவுக்குப் பதினொன்று, மைக்குக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, சத்தம் வரக் கூடாது என்று வாயில் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டான். அதனால் வார்த்தைக்கு வார்த்தை தெரியும். அம்மா அதைத் திருப்பூரில் ஹவுஸ் ஓனர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு தடவை, அந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் சுற்றி நிற்க, வெட்கத்தோடு கேட்டாளாம். திரும்பி வந்ததும் பீரோவில் வைத்தாள். ஆள்தான் பக்கத்திலேயே இருக்கிறாரே, சிடி எதற்கு. அந்தப் பீரோவின் மேல்தட்டிலிருந்துதான், ஒன்பதாம் வகுப்பில், ஒரு கத்தை சிடியைப் பார்க்காமல் உருவினான். டியூஷன் சார் கண்ணில் வெயிலடிக்க ஒரு நூலில் கோத்து மாடிக் கம்பியில் தொங்கவிட்டான், பிரமாதமாக வேலை செய்தது, சார் கையால் முகத்தை மறைத்துக்கொண்டே பித்தகோரஸ் நடத்தினார், காற்றடித்து நூல் அறுந்து எல்லாம் தெருவில் விழுந்தன, தண்ணி லாரி ஏறியது. நொறுங்கின சத்தம் அப்பளம் மாதிரி இருந்தது. அதையும் அவன் ஒரு வாரம் எல்லோருக்கும் செய்துகாட்டினான்.

ரோஸ்லின் அக்கா என்டர் தட்டிவிட்டாள். உள்ளே போய்விட்டாள். இன்னும் இரண்டே வரி. அவன் தன் கைகளை அக்குளுக்குள் வைத்து இறுக்கிக்கொண்டான். ஐப்பசியில் அப்பா போனார், காரியம் முடிந்த மறுநாள் அம்மா பீரோவைத் திறந்து துணியெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுத் தேடினாள், மடித்து வைத்தாள், மறுபடி எடுத்துப் போட்டுத் தேடினாள். அவர் குரல் அதுல ஒண்ணுதாம்ல இருக்கு. அப்போது சொல்லியிருக்கலாம். நான்தான் உடைச்சேன் என்ற இரண்டு சொல், எத்தனையோ ஆட்களின் குரலில் எதையெதையோ சொல்கிறவனுக்கு, சொந்தக் குரலில் வரவில்லை. நான் தேடித் தாரேம்மா என்றுதான் வந்தது. அம்மா வேலைக்குப் போன பகலில் கதவைச் சாத்தி, கம்பளியை இழுத்துவிட்டு, மைக்கின் முன்னால் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தான். கஷ்டமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. வாயைத் திறந்ததும் அவர் வந்துவிட்டார். ஏனென்றால் ஆஸ்பத்திரியில் கடைசி நான்கு மாசம் அவன்தான் அவருக்கு வாய். அவர் உதட்டை அசைப்பார், கரகரவென்று காற்றுதான் வரும், இவன் அதை அவர் குரலில் நர்ஸுக்குச் சொல்வான், சிஸ்டர் கொஞ்சம் தண்ணி, சிஸ்டர் அந்த ஃபேனைக் குறைங்க. ஒரு நர்ஸ் நோயாளிதான் பேசுகிறார் என்று அவரைப் பார்த்தே பதில் சொன்னாள். அவர் இவனைச் சுட்டிக்காட்டி உதட்டை அசைத்தார், இவன் அதையும் அவர் குரலிலேயே சொல்ல வேண்டியிருந்தது: இவன்தான் இப்போ நான்.

அப்படிப் பேசிப் பேசிப் பழகிய குரல், எடுத்ததும் வந்தது. பதினாறு நிமிஷம் ஒரே மூச்சில் பேசினான். சிடி ரைட்டரில் போட்டு ஏற்றினான். மேலே ஸ்கெட்ச் பேனாவால் கோமதிக்கு என்று, அப்பாவின் கையெழுத்தில் அந்தத் துணைக்கால் சாய்ந்து விழுகிற மாதிரியே எழுதினான், பரண் மேல் கிடைத்ததென்று கொடுத்தான். அம்மா அன்றைக்குச் சாயங்காலமே போடச் சொல்லிக் கேட்டாள். முதல் ஒரு நிமிஷம் அழுதாள். பிறகு அழுகை நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, மார்க்கெட்டில் காயைக் கையில் வைத்து எடை பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தாள். வேற மாதிரி இருக்குல்ல என்றாள். டிரைவ் பழசும்மா என்றான், நிறுத்திவிட்டான். மறுநாள் அவள் முழிப்பதற்கு முன்னால் எழுந்து, டெலீட் தட்டி, நீலத்துக்குள் இறங்கி, செகண்டரி மாஸ்டர் பிஐஓவை ஜீரோவில் போட்டான், யுடிஎம்ஏவை டிசேபிளில் போட்டான். அதன்பிறகு அப்பா திக்கித் திக்கிப் பேசினார். கோ, மதி, நா, ன்தா. ஆறு மாசமாக ஞாயிறுதோறும் அம்மா அதைத்தான் கேட்கிறாள். விட்டுப்போன இடத்தையெல்லாம் அவளே ஞாபகத்திலிருந்து நிரப்பிக்கொண்டாள், முகத்தில் சந்தேகம் போய்விட்டது. ஒரு தடவை விட்ட வார்த்தையை அவளே வாய்விட்டுச் சொல்லி, தலையாட்டிக்கொண்டாள்.

ஆனால் எது வேற மாதிரி? இந்த ஆறு மாசமும் அதுதான் நெருஞ்சி முள் மாதிரி. வார்த்தை தப்பா? தப்பில்லை, அவன் உயிரைப் பணயம் வைப்பான். முருங்கையை வெட்டிவிட்டதைச் சொல்கிற இடத்தில் அப்பா முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு அப்புறம்தான் வெட்டினதைச் சொன்னார், அப்படியேதான் சொன்னான். இடையில் விளம்பரக் குரலுக்கு மாறி அம்மாவைக் கேலி செய்கிற இடம் இருக்கிறது. மூச்சு விடுகிற இடமா? சாப்பிட்டாயா என்று கேட்பதில் அந்த 'யா' நீண்டுவிட்டதா? பஸ்ஸில், கிளாஸில், குளிக்கும்போது, உதட்டுக்குள்ளேயே அப்பாவைப் பேசவிட்டுப் பேசவிட்டுப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அவர்தான் பேசினார், ஓட்டையே இல்லை.

ரோஸ்லின் அக்கா நாற்காலியை முன்னால் இழுத்தாள். "யாரோ கை வச்சிருக்காங்கக்கா இதுல. தானா இப்படி மாறாது." சொல்லிவிட்டுத் திரும்பி அவனைப் பார்த்தாள். அம்மாவும் திரும்பிப் பார்த்தாள். முகத்தை எந்த முகமாக வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, வாத்தியார்களிடம் காட்டுகிற முகம் ஒன்று இருக்கிறது, அது வந்து உட்கார்ந்தது, இளிப்பு. ரோஸ்லின் அக்கா அவன்தான் என்று முடிவே செய்துவிட்டாள், இவனிடம் போன வருஷம் வாயைக் கொடுத்தது தன் தப்பு என்றாள், கடையில் இவன் அண்ணாச்சி குரலில் பேசித் தன்னை அரைநாள் லீவில் அனுப்பின கதையையும் எடுத்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் காதைப் பிடித்து, வலிக்காமல், திருகினாள். "எம்புட்டு நாளா என்னைய ஏமாத்திருக்க, நாறப்பயலே. உங்க அப்பாவையே திக்க வச்சிருக்கியேலே." சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிறைய நாள் கழித்துச் சிரிக்கிறாள், பல் தெரிய. இல்லை, அவன் பொறுத்துக் காத்திருக்கிற அந்தச் சிரிப்பு இது இல்லை. இத்தோடு முடிந்துவிடக் கூடாதா, இதுதான் அவன் செய்த சேட்டை, கண்டுபிடித்தாயிற்று, காதைத் திருகியாயிற்று, காபி போட்டுக் குடித்துவிட்டு அக்கா அவள் ஸ்கூட்டியில் போகலாம், கம்ப்யூட்டரை அப்படியே அணைத்துவிடலாம், அம்மா மத்தியானம் கத்திரிக்காய்க் குழம்பு வைக்கலாம்.

பேஜ் அப். டிசேபிள்டு என்றிருந்தது ஆட்டோவானது. மேலே ஒரு வரி, அதுவும் ஆட்டோ. எஃப் டென், ஒய், என்டர். இருட்டு, பீப், டிரைவின் விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டியது. விண்டோஸ் வருகிறது, எவ்வளவு சீக்கிரம் வருகிறது இன்றைக்கு, மற்ற நாளெல்லாம் வருவதற்குள் ஒரு குளியல் போட்டுவிடலாம். ஒருவேளை எதுவும் வேற மாதிரி இல்லையோ. ஒருவேளை அன்றைக்கு அழுத காதில் அப்படிக் கேட்டிருக்கும். நன்றாகத்தானே பேசினான், அப்பாவே கேட்டாலும் ஆமாம் நான்தான் என்பார், சொல்லியும் விட்டாரே, இவன்தான் இப்போ நான் என்று. அப்படியானால் அம்மாவுக்கு இது உண்மையான சிடிதான், இனிமேல் தடங்கல் இல்லாமல் கேட்பாள், ஞாயிறுதோறும் கேட்பாள், வயதாகிக் கேட்பாள், அவன் மட்டும் ஒரு ஓரமாக உட்கார்ந்து தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருப்பான், அது தண்டனைதான், இருக்கட்டும், ஏற்றுக்கொள்ளலாம். ரோஸ்லின் அக்கா சிடியை அழுத்தி உள்ளே தள்ளினாள். அது சுற்றி வேகம் எடுக்கிற சத்தம், தூரத்தில் ரைஸ் மில் ஓடுகிற மாதிரி.

"கோமதி, நான்தான். இங்க எல்லாரும் சௌக்கியம்." ஒரு சொல் உடையவில்லை. ஒரு எழுத்து விடவில்லை. பார்த்தீங்களாக்கா எவ்வளவு கிளியர் என்றாள் ரோஸ்லின், அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். நல்ல தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கத்தான் வருது. மாவு புளிச்சுப் போச்சு, தோசைக்கு ஆகும்னு வச்சிருக்கேன். குருவுக்கு நேத்து பள்ளிக்கூடத்துல அடி, வாத்தியார் மாதிரியே பேசிக் காட்டினானாம். அவனுக்கே மெய் சிலிர்த்தது, இவ்வளவு நன்றாகவா செய்தோம், அவரேதான், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அந்தச் சின்ன கரகரப்பு, நடுவில் எச்சிலை விழுங்க ஒரு நிறுத்தம், விழுங்கும்போது வலிப்பதை மறைக்க அடுத்த சொல்லை அவசரமாக எடுப்பது, அவரேதான். பிறகு அந்த இடம் வந்தது, அன்பார்ந்த கோமதி அவர்களே என்று விளம்பரக் குரலில் கேலி செய்கிற இடம். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் அந்த இடத்தில்தான் பக்கத்து வீட்டம்மா சுவரில் தட்டினாள். ஸ்பீக்கரில் அந்தச் சொற்கள் மணல் தேய்வது போல மெதுவாக வந்தன. அன்பார்ந்த. நிறுத்தம். விழுங்கல். கோமதி. இந்தக் குரலுக்கு எந்தக் குழந்தையும் எழாது. அவன் உள்ளே சட்டென்று அந்தப் பழைய குரலைத் தேடினான், உரக்க, அட்டை அதிர, அன்பார்ந்த, அதை மட்டும் ஒரு தடவை எடுத்துவிட்டால் போதும், உதடு அசைந்தது, அன்பார்ந்த, அதே கரகரப்பு, அதே விழுங்கல், மறுபடி, அதே, வேறு எதுவும் அங்கே இல்லை, அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறந்தவர் போல அதற்கு முன்னால் எதுவுமே இல்லை.

அம்மாவின் கை வாயிலிருந்து கீழே இறங்கியது. ரோஸ்லினை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தியதும் டிரைவ் மட்டும் கொஞ்ச நேரம் சுற்றி ஓய்ந்தது. ஏன்க்கா, நல்லாத்தானே வருது என்று ரோஸ்லின் கேட்டதற்கு, அம்மா திரையைப் பார்க்காமல், யாரிடமும் சொல்லாதது போலச் சொன்னாள்.

"அந்த வருஷம் அவருக்குத் தொண்டையில ஒண்ணும் கிடையாதும்மா."

ரோஸ்லினுக்குப் புரியவில்லை. அம்மா நாற்காலியிலேயே திரும்பினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் உதடு அசைந்துகொண்டிருந்த அவனுடைய கழுத்தில், குரல்வளை ஏறி இறங்குகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.